ஓபன் பேக் ஹெட்போன் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க ரூம் எவ்வளவு அமைதின்னு பாருங்க!

ராத்திரி பத்தரை மணி. கள்ளக்குறிச்சியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மாடி வீடு. வேலையை முடித்து லேப்டாப்பை மூடிவிட்டு, ரெண்டு பாட்டு கேட்கலாம் என்று உட்காருகிறீர்கள். கையில் புது ஹெட்போன். பத்து நாள் ரிவ்யூ வீடியோ பார்த்து, நாலு மாசம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. பெட்டியில் 'ஓபன் பேக்' என்று போட்டிருக்கிறது. 'கச்சேரிக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்' என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாட்டினால் பாட்டுக்கு முன்னால் காதில் விழுவது கரும்பு லாரியின் ஹாரன். அப்புறம் தலைக்கு மேலே ஓடும் ஃபேன். அப்புறம் பக்கத்து வீட்டு சீரியல். 'பீஸ் ஏதாவது டிஃபெக்டா?' என்று தோன்றும். இல்லை. அந்த ஹெட்போன் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

இப்போது அதே ஹெட்போனை வார இறுதியில் பையில் போட்டுக்கொண்டு மலையேறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைவுகளில் ஏறி கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு ரூமில் தங்குகிறீர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்தது. வெளியே பூச்சிகளின் சத்தம் மட்டும்தான். குளிருக்கு ஃபேன் கூடத் தேவையில்லை. அதே போன், அதே பாட்டு. வயலின் ஒரு பக்கம், புல்லாங்குழல் இன்னொரு பக்கம், பாடுபவர் மூச்சு வாங்குவது நடுவில். 'இதுக்குத்தானே காசு கொடுத்தோம்!' என்று இருக்கும்.

ஹெட்போன் ஒன்றுதான். மாறியது இடம். ஓபன் பேக் வாங்குவதற்கு முன்னால் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். பிராண்டு, மாடல், ஓம், டெசிபல் எல்லாம் அதற்கு அப்புறம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஓபன் பேக்னா என்ன?

எந்த ஹெட்போனைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே 'டிரைவர்' என்ற ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். அதில் உள்ள மெல்லிய தகடு முன்னும் பின்னும் அதிரும்போது காதுப் பக்கமும் சத்தம் போகும், எதிர்ப் பக்கமும் போகும்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் ஹெட்போன்களில் அந்த எதிர்ப் பக்கம் பிளாஸ்டிக் கிண்ணத்தால் மூடப்பட்டிருக்கும். இது குளோஸ்டு பேக். வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது. ஆனால், பின்னால் போன சத்தம் கிண்ணத்தில் மோதித் திரும்பி வந்து பாட்டோடு கலக்கும். குடத்துக்குள் பேசினால் குரல் எப்படி மாறுமோ, அதில் கொஞ்சம் இங்கேயும் நடக்கும். நல்ல கம்பெனிகள் பஞ்சு வைத்தும், கிண்ணத்தின் வடிவத்தை மாற்றியும் இதைக் குறைக்கின்றன.

ஓபன் பேக்கில் அந்தக் கிண்ணத்துக்குப் பதிலாக வெறும் கம்பி வலையோ, ஓட்டை போட்ட தகடோதான் இருக்கும். பின்பக்கச் சத்தம் மோதாமல் வெளியே போய்விடும். வெளிச்சத்தமும் அதே வழியாக உள்ளே வரும். இரண்டும் ஒரே கதவு. ஒன்றை மட்டும் திறந்து வைக்க முடியாது.

இது புது டெக்னாலஜி இல்லை. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் கொண்டுவந்த எச்டி 414தான் முதல் ஓபன் ஹெட்போன். மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த அந்த மாடல் ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

ஒரு எச்சரிக்கை. இப்போது கடைகளில் 'ஓபன் இயர்' என்ற பெயரில் காது மடலில் கிளிப் போல மாட்டும் புளூடூத் இயர்பட்ஸ் விற்கிறார்கள். நடக்கும்போதும் ஓடும்போதும் ரோட்டுச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக வந்தவை அவை. நாம் பேசும் ஓபன் பேக் வேறு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

முதலாவது, விஸ்தாரம். சாதாரண ஹெட்போனில் பாட்டு தலைக்குள்ளேயே ஓடுவது போல இருக்கும். ஓபன் பேக்கில் அது கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். எந்த வாத்தியம் எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆனால், ரூமில் நல்ல ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்கு இது ஈடாகாது. ரிவ்யூக்களில் வரும் வர்ணனையை அப்படியே நம்பிவிட்டால் ஏமாற்றம்தான்.

இரண்டாவது, இயல்பான சத்தம். குரலும் தந்தி வாத்தியங்களும் கிண்ணத்துக்குள் அடைபட்டது போல இல்லாமல் கேட்கும்.

மூன்றாவது, நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமானது. காது வேகாது! ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்குறிச்சி வெயிலில் லெதர் குஷன் போட்ட குளோஸ்டு ஹெட்போனை ஒரு மணி நேரம் மாட்டியவர்களுக்குத் தெரியும், காதைச் சுற்றி எப்படி வியர்க்கும் என்று. ஓபன் பேக்கில் காற்று போய் வரும். துணி குஷன் இருந்தால் இன்னும் நல்லது.

நான்காவது, வீட்டில் யாராவது கூப்பிட்டால் கேட்கும். அம்மா சாப்பிடக் கூப்பிடுவது, காலிங் பெல், குக்கர் விசில் எல்லாம் காதில் விழும். மீட்டிங்கில் பேசும்போது உங்கள் குரலே உங்களுக்குக் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்காது.

குறையும் உண்டு. காற்று அடைபடாததால் அடி ஆழமான பேஸ் குறையும். ஒரு தவில் வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள். வலந்தலையில் விரல் கூடுகள் விழும் 'டக் டக்' தெளிவாகத் தெறிக்கும். குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் அதிர்வு, நல்ல குளோஸ்டு ஹெட்போனில் வருகிற அளவுக்கு நெஞ்சில் இறங்காது. உங்கள் பிளேலிஸ்ட் முழுக்க குத்துப் பாட்டு என்றால் யோசித்து வாங்குங்கள்.

உங்க பாட்டு ஸ்டீரியோவா, மோனோவா?

இதை ரிவ்யூ வீடியோக்களில் அதிகம் சொல்ல மாட்டார்கள். தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்கு இது முக்கியம்.

1950, 60-களின் தமிழ் சினிமா பாடல்களும் 70-களில் வந்த பெரும்பாலான பாடல்களும் மோனோவில் பதிவானவை. அதாவது இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே சத்தம்தான். இளையராஜா இசையில் 1978-ல் வந்த 'ப்ரியா' தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவின் முன்னோடியாகப் பேசப்படுகிறது. அதற்குப் பிறகுதான் இடம், வலம், நடு என்று வாத்தியங்களைப் பிரித்து வைப்பது இங்கே பரவலானது.

மோனோ பாட்டை எத்தனை ஆயிரம் ரூபாய் ஹெட்போனில் கேட்டாலும் அது தலைக்கு நடுவில்தான் நிற்கும். டி.எம்.எஸ்., பி.சுசீலா குரல்கள் ஓபன் பேக்கில் இயல்பாக, உறுத்தாமல் கேட்கும் என்பது உண்மை. ஆனால், 'விஸ்தாரம்' என்பதற்காகவே காசு போடுகிறீர்கள், கேட்பதோ பெரும்பாலும் எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துப் பாடல்கள் என்றால், அந்தக் காசுக்குப் பலன் குறைவு.

மாறாக 'ஹவ் டு நேம் இட்' (1986) போன்ற இளையராஜாவின் வாத்திய ஆல்பங்கள், 'ரோஜா'வில் (1992) தொடங்கிய ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்கள், நல்ல முறையில் பதிவான கர்னாடக இசைக் கச்சேரிகள் எல்லாம் ஓபன் பேக்குக்கென்றே செய்தது போல இருக்கும். இன்னொன்று, பழைய பாட்டுக்கு எக்கோவும் பேஸும் ஏற்றி யூடியூபில் போடும் வெர்ஷன்களை இதில் கேட்காதீர்கள். ஒட்டுப்போட்டது அத்தனையும் அப்பட்டமாகத் தெரியும்.

காசு செலவில்லாத பத்து நிமிட டெஸ்ட்

வழக்கமாக நீங்கள் பாட்டு கேட்கும் நேரத்தில், கேட்கும் இடத்தில் உட்காருங்கள். எதையும் காதில் மாட்டாதீர்கள். ஃபேன் வழக்கம் போல ஓடட்டும். பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழும் சத்தங்களை எண்ணுங்கள்.

லாரி, பைக் ஹாரன், டி.வி., மோட்டார், நாய், மிக்ஸி என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தால், அத்தனையும் உங்கள் பாட்டுக்குள்ளும் வரும். ஓபன் பேக் எதையும் தடுக்காது. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மேன்ஷன் ரூம் என்றால் குளோஸ்டு பேக்கோ, நல்ல இயர்போனோதான் சரி.

ஃபேன் சத்தமும் எப்போதாவது ஒரு வண்டியும் மட்டும்தான் கேட்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு, மலையடிவார கிராமம், மலை மேல் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். சென்னை, பெங்களூரு ஃபிளாட்டில் இருப்பவர்கள் தேடும் அமைதி இங்கே சும்மா கிடைக்கிறது. (மலைக்குப் போனாலும் இடம் பார்த்து உட்காருங்கள். பெரியார் அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அருவிதான் ஜெயிக்கும்!)

இரண்டாவது கேள்வி, அந்த ரூமில் வேறு யார் தூங்குகிறார்கள்? ஓபன் பேக்கில் இருந்து பாட்டு வெளியே வரும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு உங்கள் பாட்டு சின்ன ரேடியோ போலக் கேட்கும். ஒரே ரூமில் நாலு பேர் படுக்கும் வீட்டில், ஆபீஸில், பஸ்ஸில் இது வேலைக்கு ஆகாது. தனி ரூமோ, மொட்டை மாடியோ கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் தப்பினால் காது போகும்

'சத்தம் உள்ளே வந்தா வால்யூமை ஏத்திக்கலாமே' என்று தோன்றும். ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி நேரம். 86-ல் 10 மணி நேரம். 90 டெசிபலில் வாரத்துக்கே சுமார் 4 மணி நேரம்தான். அளவுக்கு மீறிய சத்தத்தில் கேட்பதால், உலகம் முழுக்க 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் கேட்கும் திறன் ஆபத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் எச்சரிக்கிறது.

ரோட்டுச் சத்தத்தை அமுக்க நீங்கள் ஏற்றும் நாலு பாயின்ட் வால்யூம் தினமும் சேர்ந்துகொண்டே போகும். உள்காதில் சத்தத்தை உணரும் நுண்ணிய செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. ஹெட்போனை மாற்றலாம், காதை மாற்ற முடியாது.

அமைதியான இடத்தில் இது தலைகீழ். குறைந்த வால்யூமிலேயே எல்லாம் கேட்டுவிடும். சரியான இடத்தில் கேட்டால் ஓபன் பேக் காதுக்கும் நல்லது. கேட்டு முடித்த பிறகு காதுக்குள் 'ங்ங்' என்று ரீங்காரம் இருந்தால், வால்யூம் அதிகம் என்று அர்த்தம். மறுநாளும் அது போகவில்லை என்றால் காது - மூக்கு - தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஓம், டெசிபல்... இதெல்லாம் என்னங்க?

பெட்டியில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்.

ஒன்று, இம்பீடன்ஸ். ஓம் என்ற அளவில் இருக்கும். பொதுவாக 32 முதல் 120 ஓம் வரை போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒத்துவரும். 250, 300 ஓம் மாடல்கள் தனி ஆம்ப்ளிஃபயரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. முதல் ஹெட்போனாக அவை வேண்டாம்.

இரண்டு, சென்சிட்டிவிட்டி. இது டெசிபலில் இருக்கும். எண் கூடக் கூட, கொஞ்சம் பவரிலேயே சத்தம் வரும். 32 ஓம் தானே என்று வாங்கினாலும், சென்சிட்டிவிட்டி 91 டெசிபல் போல இருந்தால் சில போன்கள் திணறும்.

ஓபன் பேக் ஹெட்போன்கள் பெரும்பாலும் வயர் உள்ளவை. இப்போது பல போன்களில் 3.5 மி.மீ. ஜாக் கிடையாது. அதனால் யுஎஸ்பி-சி டாங்கிள் தேவைப்படும். அதில் டிஏசி சிப் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். சும்மா வயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் மலிவான டாங்கிள் பல போன்களில் வேலை செய்யாது. ஐபோன் டாங்கிளைச் சில ஆண்ட்ராய்டு போன்களில் போட்டால் சத்தம் குறைவாகவே வரும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண டாங்கிள் ஒன்று சுமார் 1 வோல்ட் வரை தரும். கீழே சொல்லும் மாடல்களுக்கு அதுவே போதும். 'ஆம்ப் இல்லாம கேட்கவே முடியாது' என்று யாராவது சொன்னால், உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். முதலில் டாங்கிளில் கேளுங்கள். போதவில்லை என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த பட்ஜெட்டுக்கு எது?

விலை சீசனுக்கு சீசன் ஏறி இறங்கும். எனவே இவை தோராயமான வரம்புகள்தான்.

*சில ஆயிரம் ரூபாய் போதும் என்பவர்களுக்கு:* அமெரிக்காவின் கோஸ் நிறுவனத்தின் மாடல்கள். காதில் கொக்கி போல மாட்டும் கேஎஸ்சி75, காது மேல் உட்காரும் கேபிஎச்30ஐ, 1984-ல் வந்து இன்றும் அதே தோற்றத்தில் விற்கும் போர்ட்டா ப்ரோ. மூன்றும் 60 ஓம், போனிலேயே நன்றாகப் பாடும். ஓபன் பேக் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. காதை முழுதாக மூடும் மாடல்தான் வேண்டும் என்றால் சூப்பர்லக்ஸ் எச்டி668பி இருக்கிறது. அது 'செமி ஓபன்', அதாவது பாதி திறந்தது.

*பத்தாயிரத்துக்குள், அல்லது அதை ஒட்டி:* பல பத்தாண்டுகளாக ஸ்டூடியோக்களில் பார்க்கும் ஏகேஜி கே240 வரிசையின் கே240 ஸ்டூடியோ. இதுவும் செமி ஓபன், 55 ஓம். அடுத்து பிலிப்ஸ் எஸ்எச்பி9500. 32 ஓம், 101 டெசிபல் என்பதால் போனுக்குத் தோதானது. வயரைக் கழற்றி மாற்றலாம். கொஞ்சம் கூடுதலாகப் போனால் ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ. இது 'பிளேனர்' எனப்படும் வேறு வகை டிரைவர் உள்ளது. நுணுக்கம் நன்றாக வரும். ஆனால் சென்சிட்டிவிட்டி 91 டெசிபல்தான், நல்ல டாங்கிள் அவசியம். எடையும் ஏறத்தாழ 390 கிராம். மெல்லிய கழுத்துக்காரர்கள் யோசிக்கவும்!

*அதற்கும் மேலே:* 2020-ல் வந்த சென்ஹைசர் எச்டி 560எஸ். 120 ஓம் என்றாலும் டாங்கிளில் ஓடும். எடை சுமார் 240 கிராம். முதல் ஓபன் பேக்கிலேயே இதைத் தாண்டிச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆண்ட்ராய்டில் 'வேவ்லெட்' என்ற ஈக்வலைஸர் ஆப் இருக்கிறது. உங்கள் ஹெட்போன் மாடலைத் தேர்ந்தெடுத்தால் அதற்கேற்ப சத்தத்தைச் சீராக்கும். பேஸ் குறைவு என்ற குறையையும் ஓரளவு சரிக்கட்டலாம். அப்படியே மியூசிக் ஆப்பின் செட்டிங்ஸில் ஆடியோ குவாலிட்டியை 'ஹை'யில் வையுங்கள். கல்வராயன் மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் கீழே இருக்கும்போதே டவுன்லோடு செய்துகொண்டு ஏறுங்கள்.

ஏமாறாமல் வாங்க...

* இந்த மாடல்களை நேரில் மாட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு மாவட்டத் தலைநகரங்களில் அபூர்வம். சென்னைப் பக்கம் போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கலாம். ஆன்லைனில் என்றால் 'இந்திய வாரண்டி' உண்டா, யார் தருகிறார்கள் என்று பாருங்கள்.
* 'ரிட்டர்ன்' வேறு, 'ரீப்ளேஸ்மென்ட்' வேறு. பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்ப வருமா, அல்லது பழுதானால் மட்டும் மாற்றித் தருவார்களா என்று ஆர்டர் போடும் முன்பே படியுங்கள்.
* பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
* நிஜ ஓபன் பேக்தானா? பாட்டை நிறுத்திவிட்டு மாட்டிக்கொண்டு காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்குங்கள். கிட்டத்தட்ட மாட்டாதது போலவே கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினால், அந்த வலை வெறும் அலங்காரம்.
* காது குஷன் ஓரிரு வருடத்தில் அமுங்கிப்போகும். மாற்றுக் குஷன் கிடைக்கும் மாடலா என்று பாருங்கள்.
* வலை வழியாகத் தூசியும் முடியும் உள்ளே போகும். கேட்டு முடித்ததும் டேபிளில் அப்படியே போடாமல் துணிப்பையில் வையுங்கள்.

கடைசியாக...

'நல்ல ஹெட்போன் எது?' என்று கேட்டால் நூறு பேர் நூறு மாடல் சொல்வார்கள். 'எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில், என்ன பாட்டு கேட்பேன்?' என்பதற்கு உங்களால் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் 'ரோட்டோர ரூம், நடுவில் தூங்கும் தம்பி' என்றால் குளோஸ்டு பேக் வாங்கி, மிச்சக் காசைச் சேமியுங்கள். 'மொட்டை மாடி, ராத்திரி பதினொரு மணி, ஊரே அடங்கிடுச்சு' என்றால் சில ஆயிரம் ரூபாய் ஓபன் பேக்கே உங்களை அசத்திவிடும்.

அந்தப் பத்து நிமிட டெஸ்ட்டை இன்றைக்கு ராத்திரியே செய்து பாருங்கள். ஆர்டரை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.